கடல் மேற்கே இருக்கும் ஊருக்குப் போகிற மகனுக்கு

துரைசாமி, உன் நைனா வாயால் சொல்ல, உன் தங்கை கமலா கையால் எழுதுகிற கடிதம் இது. கால்வாய்க் கரை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மழை இல்லாததால் தண்ணீர் இறங்கி, படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோதே நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கொழும்பு என்று நான் வாயைத் திறந்ததுமே, "ஆரம்பிச்சிட்டியா நைனா? அப்போ இருந்த கொழும்பா இப்போ கீது?" என்று சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு, மாம்பலத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது, போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாய். நீ சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காகிதத்தில் இருந்தால் பாதியில் எழுந்து போக முடியாது, போனாலும் திரும்ப வந்து படிக்கலாம். அதனால் கமலாவை உட்கார வைத்திருக்கிறேன். "மெதுவா சொல்லு நைனா, கை வலிக்குது" என்கிறாள். அவளுக்கும் கேட்க வேண்டிய கதைதான் இது.

நம் கரைப் பசங்கள் கொழும்புக்குப் போய்ப் பந்து ஆடுவதும், ஆட்டம் பார்க்க நீங்கள் ஒரு கூட்டமாகப் பின்னால் போவதும் எனக்குச் சந்தோஷம்தான். இந்த முறை கூட்டத்துக்குத் தலைவனாக உன்னை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, விறகுத்தொட்டியில் நாலு பேரிடம் நானே சொன்னேன். அப்புறம்தான் உன்னோடு வருகிறவர்களில் வேலுவும் ஒருவன் என்று தெரிந்தது. அவன் உன் அச்சாபீஸில் உன் பக்கத்தில் நின்று மை தடவுகிறவன், உன் சிநேகிதன், ஆட்டம் என்றால் சோறு வேண்டாதவன், எல்லாம் சரி. ஆனால் அவன் மாணிக்கத்தின் மகன். மாணிக்கம் எங்கே போனான், எப்படிப் போனான் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது கால்வாயில் குதித்துக்கொண்டிருந்த வயது. நேற்றுச் சாயங்காலம் வேலுவின் தாய் தனம் நம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் தடுக்கல அண்ணே. தடுத்தா சொல்லாம போவான். அவன் ஆட்டம் பாக்கப் போவல, அவங்கப்பனப் பாக்கப் போறான். உன் புள்ளையாண்ட சொல்லு, எனக்கு அவன் திரும்பி வரணும்" என்றாள். அவளுக்கு நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் தலையில் வைத்த பாரம் அது. அதனால் அந்த ஊருக்குப் போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாவற்றையும் முழுசாகச் சொல்கிறேன்.

எழும்பூரில் ரயில் ஏறும்போது ஆரவாரமாகத்தான் இருக்கும். பாட்டு, தாளம், ஜன்னலில் துணி கட்டுவது எல்லாம் நடக்கும், நடக்கட்டும். மண்டபம் ஸ்டேஷனில், கப்பலுக்குப் போகிறவர்களுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று டாக்டர் வந்து கண்ணை விரித்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். அப்போது கேலி பேசாதீர்கள். நானும் மாணிக்கமும் இதே மாதிரி ஒரு கூட்டமாக ஆட்டம் பார்க்கப் போனபோது, எங்களில் ஒருவன் நாக்கை நீட்டிவிட்டு "மாரியாத்தா மாதிரி கீதா சார்?" என்று கேட்டான், அவனை மட்டும் வெயிலில் தனியாக நிற்க வைத்துவிட்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் விட்டார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் புரட்டிவிடும். நாங்கள் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு ஏறினோம். அதில் பாதி மீனுக்குப் போயிற்று. மாணிக்கம் ஒருவன்தான் அசையாமல் உட்கார்ந்து, எங்களுக்கு எல்லாம் எலுமிச்சம்பழம் கிள்ளி முகரக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். எதற்கு என்று சொல்கிறேன்.

கொழும்பில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், புறக்கோட்டையில், நம் பக்கத்து ராவுத்தர் ஒருவர் தம் அரிசிக் கிடங்கில் எங்களைத் தங்க வைத்தார். நல்ல மனிதர். போன அன்றே எங்களை உட்கார வைத்து, "தம்பிமார்களே, இந்த ஊருல தமிழ்ல பேசுனா யாருக்கும் புரியாதுன்னு நெனைக்காதீங்க. சந்தையில பாதி ஜனத்துக்குப் புரியும்" என்றார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனோம். மறுநாள் மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு தடித்த ஆள் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருத்தன், "டேய், இந்தப் பூசணிக்கா நகந்தாத்தான்டா நமக்கு ஆட்டம் தெரியும்" என்றான். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, குடையை மடக்கிக்கொண்டே, "பூசணிக்காய் நகர்ந்திட்டுது, இனி உங்கட ஆக்கள் ஓடுற லட்சணத்தைக் கண்ணாரப் பாருங்கோ" என்று யாழ்ப்பாணத்துத் தமிழில் சொன்னார். எங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியூரில் ஆட்டம் பார்க்கப் போகிறவனுக்கு வாய் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், துரைசாமி. ஜெயித்தாலும் அவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தாதே. தோற்றாலும் நடுவர் தலையில் போடாதே.

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். நம் கரையில் ஆட்டம் நடந்தால் பாதி ஆட்டத்தில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். கோல் கம்பத்தடியில் ஒருத்தன் போய் எலுமிச்சம்பழத்தைப் பிளந்து, குங்குமம் தடவி, இந்தப் பக்கம் ஒரு மூடி, அந்தப் பக்கம் ஒரு மூடி எறிந்துவிட்டு வருவான். நம் கோல் காக்கிறவன் மேல் கண் படக்கூடாது என்பதற்காக. அந்த வேலை மாணிக்கத்தினுடையது. கொழும்பிலும் அவன் அதையே செய்தான். செய்யக் கூடாது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது எங்களுக்கு முகத்தைத் துடைத்துக்கொள்வது மாதிரி. ஆனால் பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறுவார்கள் அல்லவா? மாணிக்கம் பிளந்துவிட்டு வந்த கம்பம், நம் ஆள் அடுத்து வந்து நிற்கப் போகிற கம்பம். அதுவரைக்கும் அங்கே நின்றது அவர்கள் ஆள். அவன் இன்னும் நகரக்கூட இல்லை. காலடியில் பார்க்கிறான், பிளந்த எலுமிச்சை, ரத்தம் மாதிரி சிவப்பு. அந்த ஊரில் எலுமிச்சை வெட்டுவது சூனியத்துக்கு. வைப்பதற்கோ எடுப்பதற்கோ, எப்படியானாலும் சூனியம்தான். அவன் அலறினான். கூட்டம் எழுந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் கோல் கம்பத்தில் எவனாவது வெளியூரான் வந்து சிவப்பாக எதையாவது தடவினால் நாம் மாலையா போடுவோம்? நீ போகும்போது யார் மடியிலும் எலுமிச்சம்பழம் இருக்கக் கூடாது, ரயிலில் ஏறும்போதே பார்த்துவிடு. வாந்திக்கு என்றால் கப்பலிலேயே தீர்த்துவிடட்டும்.

ஆட்டம் அத்தோடு நின்றது. ஆட்டக்காரர்களைப் போலீஸ் சுற்றி நின்று காப்பாற்றிவிட்டது. பார்க்கப் போன எங்களுக்குச் சுற்றி நிற்க ஆள் இல்லை. ஓடினோம். ஆளுக்கு ஒரு சந்து. மாணிக்கத்தை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்திருந்ததால் அவன்தான் எல்லோரையும்விட முன்னால், எல்லோரையும்விடத் தூரம் ஓடினான். "கிடங்காண்ட வந்துடுங்கடா!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவன் காலூன்றி நடமாடி நான் பார்த்தது அதுதான் கடைசி.

கிடங்கு துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னேன் அல்லவா? தெரியாத ஊரில் துறைமுகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மயிலாப்பூர்க்காரனுக்கு அது கேள்வியே இல்லை. சாந்தோம் கரைக்குப் போய், கடலை வலது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் துறைமுகம். இடது கைப்பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் வீடு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உனக்கும் நான் சொல்லித் தரவில்லை. சோறு எந்தக் கையால் தின்பது என்கிற மாதிரி உடம்பிலேயே இருக்கிறது. நானும் சந்து சந்தாக ஓடி, அலைச் சத்தம் கேட்டு, கரையில் வந்து நின்றேன். கடலை வலது பக்கம் விட்டு நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் முகத்தின் வலது பக்கம் சுட்டது. திரும்பிப் பார்த்தேன். சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துரைசாமி, அதுவரைக்கும் நான் சூரியன் கடலிலிருந்து ஏறித்தான் பார்த்திருக்கிறேன். கடலில் விழுந்து பார்த்ததில்லை. கால் இரண்டும் மணலில் அப்படியே நின்றுவிட்டன. உலகத்தையே யாரோ திருப்பி வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, இந்த ஊரில் கடல் மேற்கே. நான் துறைமுகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். திரும்பி, கடலை இடது பக்கம் வைத்துக்கொண்டு நடந்து, இருட்டுவதற்குள் கிடங்கைப் பிடித்தேன். எல்லோரும் அந்தச் சூரியனைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாணிக்கம் பார்க்கவில்லை. அவன் எங்கோ ஒரு தென்னந்தோப்பில் ஒளிந்திருந்து, இருட்டின பிறகுதான் கரைக்கு வந்திருக்கிறான். கறுப்புத் தண்ணீர்தான் தெரிந்திருக்கும். வலது பக்கம் வைத்து நடந்திருக்கிறான். அங்கே கடலை ஒட்டியே தண்டவாளம் போகிறது. தண்டவாளம் இருந்தால் ஸ்டேஷன் வரும் என்று இன்னும் தெம்பாக நடந்திருக்கிறான். நடக்க நடக்க ஊர் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இரவெல்லாம் மழை வேறு.

எங்களுக்கு அது தெரியாது. கலவரம் பெரிதாகிவிடும் என்று பயந்து, அந்த இரவு வண்டியிலேயே எங்களை ஏற்றிவிட்டார்கள். கிடங்குக்கு வராதவர்கள் நேராக ஸ்டேஷனுக்கு வந்திருப்பார்கள் என்றார்கள். டிக்கெட்டுகள் எல்லாம் ஒரே கட்டாக ஒருத்தர் கையில் இருந்தன. அவர் கட்டைக் காட்டினார், நாங்கள் மந்தை மாதிரி உள்ளே போனோம். இரண்டு பெட்டிகளில் பிரிந்து ஏறினோம். இந்தப் பெட்டிக்காரர்கள் மாணிக்கம் அந்தப் பெட்டியில் இருக்கிறான் என்று நினைத்தோம், அந்தப் பெட்டிக்காரர்கள் இந்தப் பெட்டியில் என்று நினைத்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற பாலத்தின் மேல் நிற்கும்போதுதான், "மாணிக்கம் எங்கடா, தண்ணியப் பாத்தா ரெண்டு பாட்டு பாடுவானே?" என்று ஒருத்தன் கேட்டான். அப்போதுதான் அவன் இரண்டு பெட்டியிலும் ஏறவில்லை என்று தெரிந்தது. அதனால் சொல்கிறேன், டிக்கெட்டை அவனவன் கையில் கொடுத்துவிடு. ஸ்டேஷனில் ஒவ்வொருத்தன் முகத்தையும் உன் கண்ணால் பார். இன்னொருத்தன் "அவன் இருக்கான்" என்று சொல்வதை வைத்துக்கொண்டு ஏறாதே.

நான் அங்கிருந்தே திரும்பினேன். ராவுத்தர் தம் ஆட்களை நாலு பக்கம் அனுப்பினார். கடைசியில் வெள்ளவத்தைப் பஞ்சாலையில் வேலை செய்கிற ஒரு தமிழன் வந்து, ரயில்வே கேட்காரன் வீட்டில் ஒரு பட்டணத்து ஆள் ஜுரத்தில் கிடந்ததாகவும், அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதாகவும் சொன்னான். அந்தக் கேட்காரன் சிங்களக்காரன். அவனுக்கும் மாணிக்கத்துக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவன் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்து, தன் பாயையே போட்டுக் கொடுத்திருக்கிறாள். முடிந்தால் வெள்ளவத்தை கேட்டுக்குப் போ. அவர்கள் இருந்தால் நம் வீட்டுச் சார்பாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். மார்பெல்லாம் சளி, மூச்சு கரகரத்தது.

"வண்டி போயிடுச்சா?" என்றான்.

"போவட்டும் வுடு. நாம வேற வண்டில போலாம்."

"நான் கடல வலது கைப்பக்கமாத்தான்டா வச்சிக்கினு நடந்தேன். துறைமுகம் இன்னாத்துக்கு வரல?"

"இந்த ஊர்ல கடலு மேற்க கீதுடா மாணிக்கம்."

என்னை உற்றுப் பார்த்தான். "சும்மா கத வுடாத. கடலு எங்கனா மேற்க இருக்குமா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே இருமல் வந்துவிட்டது. நான் மேலே வற்புறுத்தவில்லை. ராத்திரி கொஞ்ச நேரம் தனத்தைப் பற்றி, வேலுவைப் பற்றி ஏதோ சொன்னான். பொழுது விடியும்போது மூச்சு நின்றுவிட்டது.

கமலா எழுதுவதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தையெல்லாம் இத்தினி நாளா ஏன் நைனா சொல்லல?" என்கிறாள். யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை, அதுதான்.

வேலுவுக்கு நீ சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ரயில் ஏறுவதற்கு முன்னால் இங்கேயே சொல்லிவிடு, அந்த ஊரில் போய்ச் சொல்லாதே. அவன் அப்பனைப் புதைத்த இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் செத்த ஏழைகளைப் புதைக்கிற பொதுமண் அது. ராவுத்தரும் நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். கல் நட விடமாட்டோம் என்றார்கள். ஒரு செடியின் கிளையை ஒடித்து வைத்தேன். அது பிழைத்திருக்காது. இந்நேரம் அந்த மண்ணில் எத்தனை பேருக்குக் குழி வெட்டியிருப்பார்களோ. ராவுத்தர் இப்போது இல்லை, அவர் மகன் கடையைப் பார்க்கிறார் என்று கேள்வி; அவரிடம் கேட்டால் மயானத்தின் வாசலைக் காட்டுவார். அதற்கு மேல் இதுதான் இடம் என்று யாராலும் காட்ட முடியாது. என்னை அழைத்துப் போனாலும் முடியாது. முழங்கால் இரண்டும் இப்படி இல்லாவிட்டால் வந்திருப்பேன், வந்தும் பிரயோஜனம் இல்லை. நாளை ஆட்டம் என்றால் இன்றே அவனை அங்கே கூட்டிப் போ. ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளாதே. ஜெயித்த வெறியிலோ தோற்ற எரிச்சலிலோ போகிற இடம் இல்லை அது.

அப்படியும் அவன் மனசு ஆறாது என்று எனக்குத் தெரியும். கிளம்புகிற அன்று, எல்லோரும் மூட்டை கட்டும்போது, யாருக்கும் சொல்லாமல் இன்னொரு முறை அங்கே போவான். எங்கே என்று தெரியாததால் அந்த மயானம் முழுக்கத் தேடிக்கொண்டு நிற்பான். நீ போய் அவனைக் கையைப் பிடித்து இழுக்காதே. "நேரமாச்சுடா" என்று சொல்லாதே. பக்கத்தில் குந்திக்கொள். அவன் எழுந்திருக்கிற வரைக்கும் நீயும் எழுந்திருக்காதே. அந்தப் பக்கம் வண்டி ஊதினால் ஊதட்டும், போனால் போகட்டும். மற்றவர்கள் கையில் டிக்கெட் இருக்கும், பெரியவர்கள், வந்து சேர்வார்கள். தலைவன் வரவில்லையே என்று யாராவது பேசினால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மறுநாளும் அதே வண்டி உண்டு.

நான் அன்றைக்கு எழும்பூரில் இறங்கி, டிராமில் ஏற மனசு வராமல், நடந்தே கரைக்கு வந்தேன். மற்றவர்கள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டதால், மாணிக்கத்தை நான் கூட்டி வருவேன் என்று ஊருக்கே தெரியும். மரப்பாலத்தின் அந்தப் பக்கம் தனம் நின்றிருந்தாள். நான் ஏறி வருவதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, துரைசாமி. எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் கிட்டே வந்து, அவளைக் கடந்து, வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் எனக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வருகிற அன்றைக்கும் அவள் அங்கேதான் வந்து நிற்பாள். பாலத்துக்கு வந்ததும் நீ நின்றுவிடு. வேலுவை முன்னால் போகச் சொல்.